எட்டா நகல்: ஆஃப்லைன் பேக்கப்புக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஆஃப்லைன் பேக்கப், அதாவது கணினியோடு இணைக்காமல் தனியே வைக்கும் காப்பு நகலுக்குத் தமிழ்ச்சொல் தேடி வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> ஆஃப்லைன் பேக்கப் = இணையில்லாக் காப்பு எனலாமா?

வேண்டாம் என்பேன். 'இணையில்லா' என்றதும் ஒப்பற்ற என்ற பொருள்தான் முதலில் வந்து நிற்கும். இன்னொரு மடலில் வந்த 'காற்றிடைவெளிக் காப்பு' ஏர் கேப் (வலையமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பிரித்து வைப்பது) தெரிந்தவருக்கு மட்டுமே விளங்கும்.

என் பரிந்துரை: எட்டா நகல்.

இந்தச் சொல் யாருக்கு வேண்டும்? பத்திருபது கணினிகள், தனி ஐடி ஆள் கிடையாது, ஒப்பந்தத்தில் ஒருவர் வந்து பார்த்துக்கொள்வார். இப்படிப்பட்ட நிறுவனத்தில் பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். சர்வரின் பின்னால் யூஎஸ்பி டிஸ்க் எந்நேரமும் செருகியே இருக்கும். அட்மின் கடவுச்சொல்லோடு நுழைந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) முதலில் விண்டோஸின் ஷேடோ காப்பிகளை (அதே கணினியில் இருக்கும் கோப்புகளின் பழைய பதிப்புகள்) அழிக்கும். பிறகு டி, இ என்று எழுத்துப் பெற்ற எல்லா டிரைவையும் பூட்டும். அந்த டிஸ்க்கும் அதில் ஒன்று. 'பேக்கப்' என்ற ஒரே சொல் அழியும் நகலையும் தப்பும் நகலையும் சேர்த்துக் குறிப்பதால்தான் உரிமையாளர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் எதில் நுழையலாம் என்பதை நிர்வகிக்கும் சர்வர்கள்) ஒன்றையொன்று பார்த்து நகலெடுத்துக்கொள்ளும்படி அமைந்திருந்தன. எல்லாம் ஒருசேர அழிந்தன. கானா அலுவலகத்தில் இருந்தது மட்டும் மின்தடையால் அணைந்து கிடந்ததால் பிழைத்தது. அதிலிருந்துதான் மீண்டார்கள். தற்செயலாக வாய்த்த எட்டா நகல் அது. அதைத் திட்டமிட்டு வைத்துக்கொள்ளச் சிறு நிறுவனத்துக்கு இரண்டு டிஸ்க் போதும்: ஒன்று செருகியிருக்கும்போது மற்றது அலமாரியில்.

> 'வெளியிட நகல்' ஏற்கெனவே இருக்கிறதே?

அது ஆஃப்சைட், வேறிடத்தில் வைக்கும் நகல். இரண்டையும் குழப்பக் கூடாது. 3-2-1 விதியில் (மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில்) கடைசி 'ஒன்று' இடத்தைத்தான் சொல்கிறது. கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டர் எத்தனை மைல் தள்ளியிருந்தாலும், இங்கே பூட்டிய கோப்பு அங்கேயும் போய்ச் சேரும். பழைய பதிப்புகளைத் தனியே வைத்திருந்தால்தான் மீட்க வழியுண்டு. தூரம் வேறு, எட்டாமை வேறு.

> எட்டாக்கனி நினைவுக்கு வருகிறது. கிடைக்கவே கிடைக்காத நகல் என்று பொருள்படாதா?

நியாயமான தடை. ஆனால் யாருக்கு எட்டாதது என்பது இந்தத் துறையில் கேள்வியே இல்லை, எதிராளிக்குத்தான். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் நமக்குப் பழகிய வடிவம். 'எட்டாக் காப்பு' என்றால் ஒற்று விடுபட்டுவிடும் என்ற கவலை உண்டு. 'நகல்' என்றால் அதுவும் இல்லை. 'வெள்ளிதோறும் ஒரு எட்டா நகல்' என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

இம்யூட்டபிள் பேக்கப்பை இதற்குள் அடக்க வேண்டாம். அங்கே கை எட்டும், குறித்த காலம்வரை மாற்றவோ அழிக்கவோதான் முடியாது. அதற்குப் 'பூட்டு நகல்' பொருந்தும். ரெஸ்டோர் டெஸ்ட்டுக்கு (பேக்கப்பிலிருந்து மீட்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனை) 'மீட்பு ஒத்திகை' என்று போன வாரம் ஒருவர் தந்தது அருமை, அப்படியே சேர்த்துவிடலாம்.

பட்டியலுக்கான வரையறை, திருத்தித் தாருங்கள்:

எட்டா நகல் (பெ.): எடுத்து முடித்ததும் கணினியிலிருந்தும் வலையமைப்பிலிருந்தும் பிரித்து வைக்கப்படும் காப்பு நகல்.