பழைய மாஜாங் செட் யாரிடமாவது இருக்கிறதா?

நியூ ஜெர்சி நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். எங்கள் ஊர் நாடகக் குழு ஓர் இசை நாடகம் போடுகிறது. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை யூதப் பெண்கள். வாரா வாரம் மாஜாங் (நால்வர் காய்களைச் சேர்த்து ஆடும் சீன ஆட்டம்) மேசையைச் சுற்றி அவர்களும் தோழிகளும் வளர்க்கும் நட்புதான் கதை. மேடைப் பொருட்கள் என் பொறுப்பு.

அமெரிக்க செட்தான் வேண்டும். சீன செட்டில் 144 காய்கள். அமெரிக்க செட்டில் எட்டு ஜோக்கர் சேர்ந்து 152. 1937இல் நியூயார்க்கில், பெரும்பாலும் யூதப் பெண்கள் கூடித் தொடங்கிய நேஷனல் மாஜாங் லீக் எந்தக் காய்ச் சேர்க்கைகள் வெல்லும் என்று காட்டும் புது அட்டையை இன்றும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

முதல் பாட்டே காய்களைக் கலைக்கும் சத்தத்தில் தொடங்குகிறது. புது பிளாஸ்டிக் காய்களில் அந்தக் கனமான சத்தம் வரவில்லை. மூன்று செட் கலைத்துப் பார்த்துவிட்டேன். மஞ்சளேறிய பேக்லைட் (பழங்கால கெட்டி பிளாஸ்டிக்) செட் இருந்தால் இரண்டு வாரம் இரவல் தாருங்கள். ஒன்றிரண்டு காய் குறைந்தாலும் சரி.

அப்புறம், உங்கள் பக்கத்து வீட்டில் இதை ஆடும் பாட்டிமார் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஆட்டத் தொடக்கத்தில் மும்மூன்று காய்களாக வலப்பக்கம், எதிரே, இடப்பக்கம் என்று கைமாற்றும் ‘சார்ல்ஸ்டன்’ எங்கள் நடிகைகளுக்கு இன்னும் கைவரவில்லை. ஒரு மாலை வந்து காட்டித் தந்தால் போதும், கார் அனுப்புகிறோம்.