ராயபுரம் பங்கின் பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எங்கள் ராயபுரம் பங்கின் (கத்தோலிக்கக் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) வரலாற்றைச் சின்னதாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது இயேசுவின் சீடர் பேதுருவிடமிருந்து வந்தது. கோயிலைக் கட்டியவர்கள், துறைமுகம் வருவதற்கு முன் கப்பல் சரக்கைப் படகில் கரை சேர்த்தவர்கள். அதுவரை சரி.

வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறது. எல்லாம் லத்தீன்; மடிப்பில் மை கரைந்துவிட்டது. ராயப்பன் என்ற பெயர் அதில் 'பெத்ருஸ்' ஆகியிருக்கிறது. (சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான். இது உறைக்காமல் ஒரு வாரம் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தேன்!)

1952இல் சென்னை, மயிலை மறைமாவட்டங்கள் ஒன்றாவதற்கு முந்தைய பதிவேடுகளைப் பார்க்க யாரை அணுகலாம்? லத்தீன் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், ஜூன் 29 இராயப்பர் திருவிழாவின் பழைய படம் வீட்டில் இருந்தால் போடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.