சித்தி, பழம் தண்ணீர் விடுகிறதே!

(குடும்ப வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை)

நான்: சித்தி, கையில் வேலை எதுவும் இல்லையே? பழம் வைத்த சாக்லேட் டிரஃபிள் உருண்டை செய்யப் போகிறேன். ஸ்ட்ராபெரியைப் பொடியாக நறுக்கி நடுவில் வைத்து உருட்டிவிட்டால் சரியாகிவிடும்தானே?

சித்தி: ஆகாது. நறுக்கியதன் மேல் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவி, கால் மணி நேரம் தட்டில் வைத்துவிட்டு வந்து பார்.

தம்பி: டிரஃபிளா? எனக்கு எத்தனை?

அக்கா: தின்கிற பேச்சு வந்தால் மட்டும் இவன் உடனே ஆன்லைனில் இருப்பான்.

நான்: [படம்]

நான்: சித்தி, பழம் தண்ணீர் விடுகிறதே! தட்டு முழுக்கச் சிவப்பாக ஓடுகிறது.

சித்தி: ஸ்ட்ராபெரியின் எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான். மாம்பழத்திலேயே 80-க்கு மேல். அதை அப்படியே உள்ளே வைத்தால், சுற்றியிருக்கிற சாக்லேட்டின் சர்க்கரை அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மறுநாள் கடித்தால் நடுவில் பொந்து, சுற்றிலும் கொழகொழ. இன்னும் சில நாள் விட்டால் பூஞ்சைதான்.

சித்தி: டிரஃபிளில் எல்லாரும் சாக்லேட்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பழத்தின் தண்ணீரைப் பார்த்து. அதை அடுப்பில் வற்ற வைக்கலாம், உலர்ந்த பழமாக வாங்கலாம். இரண்டும் முடியாதென்றால் செய்த அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும்.

தம்பி: கடைசி வழிக்கு நான் பொறுப்பு.

அத்தை: பழம் என்றால் பழமாக இருக்க வேண்டாமா? காய்ச்சிவிட்டால் அது ஜாம்தானே, அதில் என்ன இருக்கிறது?

சித்தி: அண்ணி, ஸ்ட்ராபெரியைக் கொதிக்க விட்டால் வாசனை கொஞ்சம் போகும், உண்மைதான். அதற்காகத்தான் இறக்கும்போது எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவது. ராஸ்பெரி, பேஷன் ஃப்ரூட் மாதிரி புளிப்பு தூக்கலாக இருக்கும் பழம் என்றால் வற்ற வற்ற ருசி ஏறும், குறையாது.

அத்தை: சரி, அன்னாசிப்பழத்தைப் பச்சையாக அரைத்து கிரீமில் கலந்தால்?

சித்தி: வேண்டவே வேண்டாம். பச்சை அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கிற நொதி இருக்கிறது. பால், கிரீம் எதில் கலந்தாலும் கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும். ஒரு கொதி விட்டால் நொதி செத்துவிடும், அப்புறம் தாராளமாகக் கலக்கலாம்.

அத்தை: எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாய்.

நான்: சித்தி, நான் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்?

சித்தி: நேரத்தைப் பார்க்காதே, எடையைப் பார். 200 கிராம் அரைத்த பழக்கூழ், 50 கிராம் சர்க்கரை. அகலமான பாத்திரம், மிதமான தீ. அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே இரு. மொத்தம் 125 கிராம் ஆகும்வரை வற்ற வேண்டும். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொள், பிறகு அப்படியே தராசில் வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

சித்தி: தராசு இல்லையென்றால் ஃப்ரீசரில் ஒரு தட்டை வை. ஒரு சொட்டை அதில் விட்டு நடுவே விரலால் கோடு இழு. கோடு மூடாமல் நின்றால் இறக்கலாம்.

மாமா: என்னிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது. சமையலுக்கு உள்ளது. காய்ச்சலுக்கு வைப்பது இல்லை.

சித்தி: அண்ணா, அதை பத்திரமாக வையுங்கள். மேல்பூச்சுக்கு வேண்டும்.

பாட்டி: [குரல் பதிவு 0:41]

தம்பி: பாட்டி கேட்கிறார், விதையை வடிகட்டினாயா என்று. பல்லில் மாட்டுகிறதாம்.

சித்தி: பாட்டி கேட்பது நியாயம். ஸ்ட்ராபெரி விதை பரவாயில்லை. ராஸ்பெரி என்றால் கட்டாயம் வடிகட்ட வேண்டும். கூழ் நீர்க்க இருக்கும்போதே வடிகட்டு. கெட்டியான பிறகு சல்லடையில் பாதி நின்றுவிடும்.

(ஒரு மணி நேரம் கழித்து)

நான்: [படம்] பழம் தயார். கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை.

சித்தி: அருமை. நன்றாக ஆறட்டும். இதில் 50 கிராமைக் கனாஷில், அதாவது சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவையில், கலந்துவிடு, மீதியைப் பட்டர் பேப்பரில் கால் கால் டீஸ்பூனாக வைத்து ஃப்ரீசரில் வை. சர்க்கரை இருப்பதால் கல்லாக உறையாது, ஆனால் விரலால் எடுக்கும் அளவுக்கு இறுகும். அதுதான் நடுவில் வைக்கிற பழம்.

நான்: கனாஷ் அளவு?

சித்தி: 200 கிராம் டார்க் சாக்லேட், 55 முதல் 60 சதவீதம் கோகோ உள்ளது. 50 கிராம் கிரீம், 50 கிராம் பழக்கூழ், 20 கிராம் வெண்ணெய். பழம் சேர்க்காத டிரஃபிளில் 200 கிராமுக்கு 100 கிராம் கிரீம் போடுவோம். இங்கே கிரீமில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழத்தை வைக்கிறோம், அவ்வளவுதான்.

சித்தி: பழத்தைக் கிரீமோடு சேர்த்துச் சுட வைத்துவிடாதே. புளிப்பு பட்டால் கிரீம் திரிந்துவிடும். ஓரத்தில் குமிழி வந்ததும் கிரீமை நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்று. ஒரு நிமிடம் தொடாதே. அப்புறம் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்க ஆரம்பி. கிரீம் குறைவு என்பதால் முழுதும் உருகாது. பாத்திரத்தை வெந்நீர் ஆவியில் கொஞ்சம் காட்டு. பளபளப்பு வந்ததும் வெதுவெதுப்பான பழக்கூழ், கடைசியில் வெண்ணெய்.

அக்கா: சித்தி, நான் வெள்ளைச் சாக்லேட்டும் மாம்பழமும் எடுத்து வைத்திருக்கிறேன். அதே அளவா?

சித்தி: இல்லை. வெள்ளையில் கோகோ வெண்ணெய் மட்டும்தான், இறுக்கம் கொடுக்கிற கோகோத் தூள் பகுதி கிடையாது. கிரீம், பழம் இரண்டும் சேர்ந்து சாக்லேட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பால் சாக்லேட் இரண்டுக்கும் நடுவில். ஆனால் மாம்பழத்துக்கு வெள்ளைதான் சரி. டார்க்கில் போட்டால் மாம்பழம் இருந்த இடமே தெரியாது.

மாமா: [பலமுறை பகிரப்பட்டது] உருகிய சாக்லேட் கெட்டியாக இருக்கிறதா? ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினால் போதும்! இந்த ரகசியத்தை எல்லாருக்கும் பகிருங்கள்!

சித்தி: ஐயோ அண்ணா, யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

அக்கா: சித்தி

அக்கா: [படம்]

அக்கா: இப்போதுதான் ஊற்றினேன். மணல் மாதிரி ஆகிவிட்டது.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி: மாமா, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது.

சித்தி: சாக்லேட்டுக்குள் இருப்பது கொழுப்பில் மிதக்கிற சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும். வெள்ளையில் கோகோவுக்குப் பதில் பால் தூள். கொஞ்சம் தண்ணீர் பட்டால் துகளெல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆவியில் உருக்கும்போது பாத்திரத்து அடியில் வழிகிற ஒரு சொட்டு போதும் இதற்கு. கொஞ்சம் தண்ணீர்தான் வம்பு. நிறைய இருந்தால் வம்பில்லை.

அக்கா: புரியவில்லையே.

சித்தி: கிரீமிலும் தண்ணீர்தானே இருக்கிறது? அளவு கூடினால் சர்க்கரை அதில் கரைந்து எல்லாம் இளகிவிடும். உன் பங்குக் கிரீமைச் சூடாக்கி, ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக் கலக்கு. கலவை மிருதுவானதும் நிறுத்திவிடு. மேலே பூசுவதற்கு மட்டும் அந்தச் சாக்லேட் இனி ஆகாது.

அக்கா: வந்துவிட்டது! வழவழவென்று ஆகிவிட்டது.

மாமா: நான் தந்த குறிப்பில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

அத்தை: நீங்கள் பேசாமல் இருங்கள்.

நான்: சித்தி, என்னுடையதில் ஓரமாக எண்ணெய் மிதக்கிறது. திரிந்துவிட்டதா?

சித்தி: பிரிந்திருக்கிறது. கொழுப்புக்கு ஏற்ற தண்ணீர் இல்லை, அல்லது சூடு கூடிவிட்டது. ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு நடுவிலிருந்து கலக்கு. கைப் பிளெண்டர் இருந்தால் இன்னும் சுலபம், காற்று புகாமல் தலையை அடியில் வைத்து ஓட்டு. 70 சதவீதச் சாக்லேட் எடுத்தாயா?

நான்: ஆமாம், அதுதான் இருந்தது.

சித்தி: அப்படியானால் கிரீமை 10, 15 கிராம் கூட்டியிருக்க வேண்டும். இப்போதுகூடச் சேர்க்கலாம். சேர்ந்ததும் மேலே ஒட்டுகிற மாதிரி தாளைப் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வை.

அத்தை: நான் அடுப்பே பற்ற வைக்கப் போவதில்லை. உலர்ந்த ஆப்ரிகாட்டும் செர்ரியும் இருக்கிறது.

சித்தி: அண்ணி, உங்களுடையதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக வரும் பாருங்கள். பொடியாக நறுக்கி ஆரஞ்சுச் சாற்றில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிழிந்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டுக் கனாஷில் கலந்துவிடுங்கள். ஒற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அத்தை: பார்த்தீர்களா, பழம் பழமாகவே இருக்கிறது.

(மாலை)

நான்: உருட்ட ஆரம்பித்துவிட்டேன். கையெல்லாம் சாக்லேட்.

சித்தி: கையைக் குளிர்ந்த நீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் கோகோ பவுடர் தொட்டுக்கொள். உருண்டைக்கு 15 கிராம் எடுத்து உள்ளங்கையில் தட்டு. உறைந்த பழத்தை நடுவில் வைத்து ஓரங்களை மேலே இழுத்து மூடு. மூடிய இடத்தில் சிவப்பு தெரிந்தால் அங்கிருந்துதான் கசியும், கொஞ்சம் கனாஷ் வைத்து அடைத்துவிடு. உருண்டை வழவழப்பாக வர வேண்டும் என்று ரொம்ப நேரம் உருட்டாதே, கைச்சூட்டில் உருகிவிடும்.

நான்: மேலே சாக்லேட் பூசவா, கோகோவில் புரட்டவா?

சித்தி: முதல் தடவை கோகோவில் புரட்டு. டெம்பரிங், அதாவது பளபளப்பாக இறுகும்படி சாக்லேட்டைச் சூடாக்கி ஆற்றுகிற தொல்லையே இல்லை. பூசத்தான் வேண்டும் என்றால் மாமாவின் தெர்மாமீட்டரை வாங்கிக்கொள்.

மாமா: கடைசியில் என்னிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

சித்தி: டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிக்கு மேலே போகுமாறு உருக்கு, 50-ஐத் தாண்ட விடாதே. மீதியைப் பொடியாக நறுக்கி அதில் போட்டுக் கலக்கிக்கொண்டே 28 வரை ஆற விடு. மறுபடி லேசாகச் சூடு காட்டி 31, 32-இல் நிறுத்து. கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வகைக்குத்தான் பளபளப்பும் 'டக்' என்று உடைகிற குணமும் உண்டு. நறுக்கிப் போடுகிற சாக்லேட்டில் அந்தப் படிகம் ஏற்கெனவே இருக்கிறது, மற்றதையும் தன் வழிக்கு இழுத்துவிடும்.

அக்கா: தெர்மாமீட்டர் இல்லாதவர்கள்?

சித்தி: கீழ் உதட்டில் ஒரு துளி வைத்துப் பார். சூடாகவும் இருக்கக் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. தொட்டால் ஒரு பொடி குளிர்ச்சி தெரிய வேண்டும். பிறகு காகிதத்தில் தீற்றிப் பார். ஐந்து நிமிடத்தில் இறுகிப் பளபளத்தால் சரி. திட்டுத் திட்டாக வெளுத்தால் மறுபடி முதலிலிருந்து.

தம்பி: என்னிடம் இருக்கிற சாக்லேட் கட்டியில் தாவர எண்ணெய் என்று போட்டிருக்கிறது.

சித்தி: அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு. உருக்கிப் பூசினால் போதும், டெம்பரிங் வேண்டாம். ருசி குறைவு, அவசரத்துக்கு உதவும். அசல் சாக்லேட்டோடு மட்டும் கலக்காதே, இரண்டு கொழுப்பும் ஒத்துப்போகாது.

நான்: உருண்டையை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே முக்கினேன். மேலே விரிசல் விடுகிறது.

சித்தி: உள்ளே இருப்பது சூடேறி விரியும், மேல் ஓடு சுருங்கும், விரிசல் விடாமல் என்ன செய்யும்? வெளியே கால் மணி நேரம் வை, வியர்த்தால் ஒற்றி எடு. அப்புறம் ஃபோர்க்கில் வைத்து முக்கி, கிண்ண விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, அடியை வழித்துவிட்டுத் தாளில் இறக்கு. வழிக்காவிட்டால் கீழே தட்டையாகப் பரவி நிற்கும். விரிசல் விட்டதை மறுபடி ஒரு முறை முக்கிவிடு.

அக்கா: நாய் மேசைக்கடியில் வந்து நிற்கிறது, பாவமாகப் பார்க்கிறது.

சித்தி: ஒரு துண்டுகூடக் கொடுக்காதே. சாக்லேட்டில் இருக்கிற தியோபுரோமின் என்கிற பொருள் நாய் உடம்பைவிட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது, நஞ்சாகிவிடும். டார்க் என்றால் இன்னும் மோசம். தெரியாமல் தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அக்கா: கதவைச் சாத்திவிட்டேன்.

நான்: [படம்] [படம்] முடிந்தது! எத்தனை நாள் தாங்கும்?

சித்தி: அழகாக வந்திருக்கிறது. கிரீமும் பழமும் இருப்பதால் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடு. ஃப்ரீசரில் என்றால் இரண்டு மாதம். வெளியே எடுக்கும்போது டப்பாவை உடனே திறக்காதே. அறைச் சூட்டுக்கு வரட்டும். திறந்தால் மேலே நீர் கோத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரவென்று வெளுத்துவிடும்.

அத்தை: பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் எடு. ஜில்லென்று வாயில் போட்டால் பழ ருசியே தெரியாது. இது எனக்கே தெரியும்.

சித்தி: அண்ணி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நான்: பூசியது போக ஒரு கிண்ணம் சாக்லேட் மிச்சம் இருக்கிறது. என்ன செய்ய?

சித்தி: பழமோ கிரீமோ படாமல் இருந்தால் பட்டர் பேப்பரில் ஊற்றி இறுக வை. அடுத்த முறை உருக்கி டெம்பரிங் செய்துகொள்ளலாம். துளி பட்டிருந்தாலும் தனியாக வைத்து, சூடான பாலில் கரைத்துக் குடித்துவிடு.

தம்பி: பால் அடுப்பில் வைத்துவிட்டேன். துளி பட்டதாகவே வைத்துக்கொள்வோம்.