எக்ஸ்டென்டட் வாரன்டியா? நாளைக்கே கையெழுத்து போட்டுடாதீங்க

கேள்வி:

வணக்கம். வெளிநாடு வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, வீட்ல எல்லாரும் அடுத்து வரப்போறாங்க, அதனால ஒரு கார் பார்த்து பேசி முடிச்சாச்சு. இப்போ டீலர் எக்ஸ்டென்டட் வாரன்டி (கம்பெனி வாரன்டி முடிஞ்ச பிறகும் ரிப்பேர் செலவைப் பார்த்துக்கிற பிளான், தனியா காசு) எடுத்தே ஆகணும்ங்கிற மாதிரி பேசுறார், எடுத்தா லோன் சீக்கிரம் அப்ரூவ் ஆகும்னு வேற சொல்றார். நாளைக்கு கையெழுத்து. எடுக்கலாமா வேணாமா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்த லோன் பேச்சை நம்பாதீங்க. இது நம்மள மாதிரி புதுசா வந்து கிரெடிட் ஹிஸ்டரி (அந்த நாட்டுல கடன் வாங்கி ஒழுங்கா கட்டின பதிவு) இல்லாதவங்க பயத்தை வச்சு பேசுற பேச்சு, அதான் எனக்கு ரொம்ப கோவம் வருது. வாரன்டி வாங்கினாதான் லோன்னு சொன்னா, பணம் குடுக்கிற பேங்குக்கு நீங்களே போன் போட்டு உண்மையானு கேளுங்க, அமெரிக்காவுல நுகர்வோரைப் பாதுகாக்குற அரசு அமைப்பான எஃப்டிசியும் இதையேதான் சொல்லுது. நேரா கேட்டாலே பாதி பேர் பேச்சை மாத்திடுவாங்க.

ரெண்டாவது, நாளைக்கே எடுக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல. புது காரா இருந்தா கம்பெனி வாரன்டி முடியுறதுக்குள்ள எப்ப வேணா எடுக்கலாம், பெரும்பாலான கம்பெனிங்க அப்படித்தான் வச்சிருக்காங்க. சொல்ற விலையும் கடைசி விலை இல்ல, அதுக்குள்ள விக்கிறவருக்கு கமிஷன் இருக்கு, வேற டீலர்கிட்ட அதே கம்பெனி பிளானை விலை கேட்டுப் பாருங்க. "மாசம் கொஞ்சம்தான் கூடும்"னு சொன்னா விழுந்துடாதீங்க, லோன்ல சேர்த்தா அந்த வாரன்டிக்கும் சேர்த்து வருஷக்கணக்குல வட்டி கட்டணும். மாசக் கணக்கு பேசாம மொத்தம் எவ்வளவுன்னு கேளுங்க.

இந்த எக்ஸ்டென்டட் வாரன்டி உண்மையில வாரன்டியே இல்ல. வாரன்டினா கார் விலையிலயே சேர்ந்து வர்றது, தனியா காசு குடுத்து வாங்குறது சர்வீஸ் கான்ட்ராக்ட், கிட்டத்தட்ட இன்சூரன்ஸ் மாதிரி. அதனால அந்த பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் கிடைக்கும், டீலர் வாயால சொன்னது எதுவும் நிக்காது.

காலக்கணக்கையும் நல்லா பாருங்க. அமெரிக்காவுல டொயோட்டாவுக்கு பொதுவா 3 வருஷம் இல்லைனா 36,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 5 வருஷம் இல்லைனா 60,000 மைல் வரைக்கும் கம்பெனியே பார்த்துக்கும். இப்போ ஒருத்தர் 7 வருஷ பிளான் விக்கிறார்னு வைங்க, அது கார் வாங்குன தேதியில இருந்து ஓடுதுன்னா முதல் 3 வருஷம் நீங்க சும்மா காசு குடுக்கிறீங்க, உண்மையில கிடைக்கிறது கடைசி 4 வருஷம், எஞ்சின் கியர்பாக்ஸுக்குனா கடைசி 2 வருஷம்தான். அந்த 4 வருஷம் நீங்க அந்த நாட்டுல இருப்பீங்களா? விசா மாறலாம், வேலை மாறலாம், ஊருக்கே திரும்பலாம், இன்னொரு நாட்டுக்குப் போனா இந்த பிளான் கூட வராது. நம்ம ஆளுங்களுக்கு இந்த ஒரு கேள்விதான் முக்கியம், ஆனா டீலர் இதைக் கேக்கவே மாட்டார்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. ஹூண்டாய், கியா அமெரிக்காவுல எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 10 வருஷம் 100,000 மைல்னு சொல்றது முதல் ஓனருக்குத்தான், கை மாறினா குறைஞ்சிடும், அதைப் பார்த்துட்டு வாங்குங்க. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்ல பேட்டரி போயிடும்னு பயமுறுத்துவாங்க, பேட்டரிக்கு பெரும்பாலும் 8 வருஷம் கம்பெனியே தனியா குடுத்திருக்கும், அதுக்காக இன்னொரு பிளான் வேண்டாம்.

எந்த நாடுன்னு நீங்க சொல்லல, அது பெரிய விஷயம். சில நாட்டுல நீங்க காசு குடுத்து வாங்குறதுல பாதி ஏற்கனவே சட்டத்துலயே இருக்கு. பிரிட்டன்ல 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்படி டீலர்கிட்ட வாங்குன கார்ல கோளாறு இருந்தா 30 நாளுக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம், 6 மாசத்துக்குள்ள வந்தா அது ஆரம்பத்துலயே இருந்த கோளாறு இல்லைனு டீலர்தான் நிரூபிக்கணும். ஐரோப்பிய யூனியன்ல புது பொருளுக்கு 2 வருஷம் சட்டப்படி கேரன்டி. ஆஸ்திரேலியாவுல கன்ஸ்யூமர் கேரன்டினு இருக்கு, கம்பெனி வாரன்டி முடிஞ்ச பிறகும் நியாயமான காலம் வரைக்கும் அது செல்லும், எந்த கடைக்காரரும் அதை எழுதி வாங்கி ரத்து பண்ண முடியாது. சிங்கப்பூர்ல கோளாறான பொருளை வித்தவரே சரி பண்ணியோ மாத்தியோ தரணும்ங்கிற லெமன் லா 2012ல இருந்து இருக்கு. அமெரிக்காவுலதான் கவனம் வேணும், பழைய கார் நிறைய "ஆஸ் இஸ்"னு விப்பாங்க, அப்படினா வாங்கினதுக்கு அப்புறம் எது நடந்தாலும் உங்க பாடு, கண்ணாடியில ஒட்டியிருக்கிற பையர்ஸ் கைட் ஸ்டிக்கர்ல அது எழுதியிருக்கும். இதெல்லாம் டீலர்கிட்ட வாங்கினா, தனி ஆள்கிட்ட வாங்கினா கதை வேற.

சரி, எடுக்கணும்னே தோணுதுன்னா கான்ட்ராக்ட்ல எதெல்லாம் கவர் ஆகாதுங்கிற பக்கத்தை முதல்ல படிங்க. பிரேக், கிளட்ச், டயர் மாதிரி தேயுற சாமான் பெரும்பாலும் வராது. எது கவர்னு லிஸ்ட் போட்ட பிளானை விட, எது கவர் இல்லைனு மட்டும் லிஸ்ட் போட்ட பிளான் நல்லது, அதுல சொல்லாததெல்லாம் உள்ள வந்துடும். ஒவ்வொரு ரிப்பேருக்கும் கையில இருந்து எவ்வளவு கட்டணும், எந்த கேரேஜ்ல வேணா செய்யலாமானு பாருங்க. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட அப்ரூவல் வாங்கணும், அதை விட்டுட்டுதான் நிறைய பேருக்கு கிளெய்ம் போயிடுது. ஆயில் மாத்துன பில் ஒண்ணு விடாம எடுத்து வைங்க, வெளியில செஞ்சாலும் பரவால்ல (அமெரிக்காவுல மேக்னசன் மாஸ் சட்டப்படி வெளியில சர்வீஸ் பண்ணேன்னு கம்பெனி வாரன்டியை ரத்து பண்ண முடியாது). முடிஞ்சா கார் கம்பெனியோட பிளானையே எடுங்க. வெளி கம்பெனினா பின்னாடி எந்த இன்சூரன்ஸ் கம்பெனி நிக்குதுன்னு கேட்டுக்கோங்க, அப்படி யாரும் நிக்கலைனா, பிளான் வித்த அந்த வெளி கம்பெனி மூடிட்டா உங்க பேப்பருக்கு மதிப்பு இருக்காது.

போன்லயும் தபால்லயும் "உங்க கார் வாரன்டி முடியப்போகுது, கடைசி நோட்டீஸ்"னு வந்தா பதிலே சொல்லாதீங்க. அமெரிக்காவுல இந்த ரோபோ கால் (மெஷின் தானா போடுற போன்) தொல்லை தாங்காம 2022ல எஃப்சிசிங்கிற, போன் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு அதை பிளாக் பண்ணச் சொல்லி போன் கம்பெனிகளுக்கு ஆர்டரே போட்டுச்சு. கார்ஷீல்டுனு டிவி விளம்பரத்துல வர்ற கம்பெனி, விளம்பரம் மக்களை ஏமாத்துதுனு எஃப்டிசி போட்ட வழக்கை முடிக்க 2024ல 10 மில்லியன் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

என் கருத்து கேட்டா, நம்பகமான புது கார், 3 - 4 வருஷத்துல விக்கிற எண்ணம், இப்படினா வேண்டவே வேண்டாம், அந்த மாசத் தொகையை தனி அக்கவுன்ட்ல போடுங்க, ரிப்பேர் வந்தா எடுங்க வரலைனா உங்க காசு. கம்பெனி வாரன்டி முடிஞ்ச சொகுசு கார், டர்போ, ஏர் சஸ்பென்ஷன்னு விலை கூடின சாமான் நிறைய, ரொம்ப வருஷம் வச்சு ஓட்டப் போறீங்க, திடீர்னு பெரிய பில் வந்தா சமாளிக்க கையில சேமிப்பு இல்ல, அப்போ எடுக்கிறதுல நியாயம் இருக்கு. அப்பவும் வாங்குறதுக்கு முன்னாடி டீலருக்கு சம்பந்தம் இல்லாத மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காரைக் காட்டிடுங்க, எந்த வாரன்டியை விடவும் அது உபயோகம்.

இன்னொருத்தர்:

அக்கா, நான் போன மாசமே கையெழுத்து போட்டுட்டேன், இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்:

பண்ணலாம்ப்பா, கவலைப்படாதீங்க. கான்ட்ராக்ட்ல கேன்சலேஷன்னு ஒரு பகுதி இருக்கும், பல பிளான்ல முதல் 30 நாள், 60 நாள் மாதிரி ஒரு கெடுவுக்குள்ள கிளெய்ம் பண்ணாம இருந்தா முழுப் பணமும் வரும், அதுக்கு அப்புறம்னா மிச்சம் இருக்கிற காலத்துக்கும் மைலுக்கும் ஏத்த மாதிரி கொஞ்சம் பிடிச்சுட்டு தருவாங்க. போன்ல சொன்னா போதாது, எழுத்துல குடுத்து தேதியோட காப்பி வச்சுக்கோங்க. லோன்ல சேர்த்திருந்தா பணம் உங்க கைக்கு வராது, லோன் அசல்ல கழிச்சுடுவாங்க, மாசத் தவணை அதேதான் இருக்கும் ஆனா லோன் சீக்கிரம் முடியும், அதனால ஸ்டேட்மென்ட்ல அது குறைஞ்சிருக்கானு ஒரு மாசம் கழிச்சு பார்த்துக்கோங்க. காரை விக்கும்போதும், நாட்டை விட்டுக் கிளம்பும்போதும் இதே மாதிரி கேன்சல் பண்ணலாம், இல்ல வாங்குறவர் பேருக்கு மாத்திக் குடுக்கலாம். கிளம்புற அவசரத்துல இதை மறந்து பணத்தை விட்டுட்டு வர்றவங்க நிறைய, கிளம்புற வேலைகளோட இதையும் எழுதி வச்சுக்கோங்க.