எழுபதில் வந்த நடுக்கம் – டார்க் கன்வர்ட்டர் அனுபவங்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கார். ஓட்டம் 82,000 கி.மீ. அறுபத்தைந்து, எழுபது கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போனால் மட்டும் ரெண்டு மூணு நொடி ஒரு நடுக்கம். ஓங்கி மிதித்தால் இருக்காது. சர்வீஸ் சென்டரில் வீல் பேலன்ஸிங், பிறகு இன்ஜின் மவுண்ட். பில் ஏறியதுதான் மிச்சம்.

கடைசியில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கும் ஒருத்தரிடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நடுக்கம் வந்ததும், "தம்பி, ஆக்சிலரேட்டர விடாம பிரேக்க லேசா தொடுங்க" என்றார். தொட்டேன். நடுக்கம் கப்பென்று நின்றது, ஆர்பிஎம் முள் கொஞ்சம் ஏறியது. "லாக்கப் கிளட்ச்தான். பிரேக்கத் தொட்டா அது விட்டுரும்."

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள்தான் அந்தக் கிளட்ச். பட்டறையில் அறுத்து வைத்த பழைய கன்வர்ட்டர் ஒன்றைக் காட்டினார். எதிரெதிரே கவிழ்த்த ரெண்டு கிண்ணம், உள்ளே வரிவரியாகத் தகடுகள். ஒன்று இன்ஜினோடு சுற்றி ஆயிலை வீசும். அந்த வேகத்தில் மற்றது சுற்றி கியர்பாக்ஸைத் திருப்பும். நடுவில் ஸ்டேட்டர். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம்தான் சுற்றும். திரும்பி வரும் ஆயிலை இன்ஜின் சுற்றும் திசைக்கே திருப்பிவிடுவது இதுதான். அதனால்தான் வண்டி கிளம்பும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவை கிடைக்கிறது. வேகம் பிடித்ததும் ஆயில் வழுக்கல் வீண் என்று லாக்கப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். என் வண்டியில் ஆயில் கெட்டு, அந்தக் கிளட்ச் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது.

ரோஸ்மில்க் எசன்ஸ் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் டிகாஷனாக வந்தது. ஒரு தடவை வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கும். மூணு தடவை மாற்றினோம். இப்போது ஆறு மாதமாக நடுக்கம் இல்லை.

——

எனக்கு நடுக்கம் இல்லை, கன்வர்ட்டர் ஆயில் சூடான கதை. வால்பாறை ரோட்டில் நடந்தது. நாற்பது கொண்டை ஊசி, முன்னால் லாரி. ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன். சக்கரம் நிற்க இன்ஜின் சுற்றினால் அத்தனையும் ஆயிலில் சூடாகத்தான் போகும். எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது! ஓரங்கட்டி 'பி'யில் போட்டு, ஆயில் கூலர் வழியாக ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் இருபது நிமிடம் நின்றேன்.

——

முதல் பதிவு போட்ட அண்ணே, நீங்க தப்பிச்சீங்க. நான் அந்த நடுக்கத்தோடயே ஒரு வருஷம் ஓட்டினேன். ஆயில் மாற்றியும் போகவில்லை, கிளட்ச் லைனிங்கே தேய்ந்துவிட்டது. கன்வர்ட்டர் வெல்டிங் வைத்து மூடிய சாமான், எங்க ஊரில் திறக்க ஆள் இல்லை. முழுசா மாற்றினேன்.