36 வயதில் நீட்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். 2006-ல் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள் நான், பயோ-மேத்ஸ் குரூப். இப்போது ஸ்டாஃப் நர்ஸ். நீட்டுக்கான வயது உச்சவரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து மனசு அங்கேதான் நிற்கிறது.

உயிரியல் 90 கேள்வி, பயமில்லை. இயற்பியல்தான் உதைக்கிறது. நேற்று நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சுழற்சி இயக்கக் கணக்கு ஒன்றோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி நோட்டு மேலேயே தூங்கிவிட்டேன்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் என்னைப் போன்ற பழைய பேட்ச் ஆட்களையும் சேர்ப்பார்களா? அப்புறம், வேலையை விடாமல் படித்து சீட் வாங்கியவர்கள் இருந்தால், இயற்பியலை எப்படிச் சமாளித்தீர்கள்? ‘இந்த வயதில் எதற்கு?’ என்பவர்கள் வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.