லேத்துல சுத்தி ஹெச்.டி.பி.இ. பைப்பை ஒட்ட முடியுமா?

ஏற்காட்டு மிளகு:
நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம். கீழ இருக்கிற ஊத்துல இருந்து மேட்டுத் தொட்டிக்கு 63 எம்.எம். ஹெச்.டி.பி.இ. (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) லைன் போடணும். செங்குத்தா 120 மீட்டர் ஏத்தம். வழியில கரண்ட் கிடையாது. சேலத்துல ஒரு பட்டறைக்காரர், "முனையைச் சூடாக்கி ஒட்டற ஹீட்டர் மெஷினே வேணாம், ரெண்டு முனையையும் தேய்ச்சே ஒட்டிரலாம், போர் வண்டியில துளை போடற ராடெல்லாம் அப்படித்தான் செய்யறாங்க"ங்கறார். நம்பலாமாங்க?

கொண்டலாம்பட்டி லேத்:
தாராளமா நம்பலாம். ஒரு துண்டை லேத்தோட (கடைசல் மெஷினோட) சக்குல, அதாவது சுத்துற பிடியில, மாட்டிச் சுத்தவிட்டு, இன்னொண்ணை எதிர்ல வச்சு அழுத்தினா அந்தத் தேய்ப்புச் சூட்டுலயே முகம் இளகிரும். சட்டுனு நிறுத்தி, ஆறுற வரைக்கும் அழுத்தத்தை விடாம பிடிச்சா ரெண்டும் ஒண்ணாயிரும். பசை, கேஸ், வெல்டிங் ராடு எதுவும் வேணாம்.

பைப்லைன்காரன்:
லேத்துக்கு மலையில கரண்ட் எங்கண்ணே இருக்கு? ஜெனரேட்டர் தூக்கிட்டுத்தான் போகணும்னா, அதுல ஹீட்டர் பிளேட்டையே போட்டுக்கலாமே. 63 எம்.எம்.முக்குச் சின்ன ஜெனரேட்டரே போதும்.

இன்னொண்ணு. இந்த சைஸ் பைப் பெரும்பாலும் காயிலாத்தான் வரும். 100 மீட்டர் காயிலை எந்த சக்குல மாட்டிச் சுத்துவீங்க? காயில் பைப் முழு வட்டமாவும் இருக்காது, கொஞ்சம் முட்டை வடிவத்துல அமுங்கியிருக்கும். சுத்தினா மேடான இடம் மட்டும் தேயும், மத்த இடம் பச்சையாவே கிடக்கும். வெளிய பாத்தா பிதுங்கின பிசிறு அழகா சுருண்டு நிக்கும், உள்ள பிடிச்சிருக்காது.

கொண்டலாம்பட்டி லேத்:
பைப்பை யாரு தம்பி சுத்தச் சொன்னா? ரெண்டு பைப்பையும் கிளாம்ப் போட்டு நிறுத்தி, நடுவுல ஒரு வளையத்தை மட்டும் சுத்தினாப் போதும். கம்பெனிகள்ல இந்த முறை இருக்கு.

ரிக் வண்டி, திருச்செங்கோடு:
ராடு பேச்சு வந்ததால சொல்றேன். ராடுல குழாய் சுத்தாது. மரை போட்ட சின்ன ஜாயின்ட்தான் சுத்தும், குழாய் கிளாம்புல நிக்கும். இரும்பு உருகுறதே இல்ல, சிவந்து மாவு மாதிரி குழையும். துருவும் எண்ணெயும் அந்தக் குழைஞ்ச பிசிறோட வெளிய தள்ளப்பட்டுரும். அப்புறம் பிசிறைக் கடைஞ்சு எடுத்துருவாங்க. சேர்வராயன் மலைச் சார்னகைட் பாறையில இறங்குற ராடு அது, அந்த அடியையும் முறுக்கையும் தாங்குது. ஆர்க் வெல்டிங் வச்ச ராடு அந்த இடத்துலயே முறிஞ்சு குழிக்குள்ள விழுந்ததை எங்க வண்டியிலயே பாத்திருக்கேன். அதனால முறையைக் குறை சொல்லாதீங்க. ஆனா அது பெரிய ஹைட்ராலிக் மெஷின், பட்டறை லேத் இல்ல.

பாலிடெக்னிக் வாத்தியார்:
ரிக் நண்பர் சொன்னதுல விஷயம் இருக்கு. இதுல முக்கால்வாசி வேலை பிரேக்கோடது. லேத்தை ஆஃப் பண்ணினா சக் மெதுவாத்தான் நிக்கும். அதுக்குள்ள பிளாஸ்டிக் இறுக ஆரம்பிச்சிரும், ஒட்டினதை மீதிச் சுத்தே பிச்சுரும். வேகம், அழுத்தம், நிறுத்தும் நேரம் மூணும் மெஷின் கணக்குல நடந்தாத்தான் அடுத்தடுத்த ஜாயின்ட் ஒரே மாதிரி வரும். இரும்புல, பிரேக் இல்லாம கனமான சக்கரத்தோட வேகமே தீர்ந்து நிக்கிற இனர்ஷியா மெஷினும் உண்டு.

உராய்வு முறையோட உண்மையான பலம் வேற இடத்துல. அலுமினியத்தையும் தாமிரத்தையும் உருக்கிச் சேர்த்தா இணைப்பு நொறுங்கும். உருக்காம தேய்ச்சா பிடிக்கும். ஹெச்.டி.பி.இ.யோட ஹெச்.டி.பி.இ. ஒட்ட இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்ல, 200 டிகிரிக்கு மேல சூடான பிளேட் போதும்.

பைப்லைன்காரன்:
அந்த வளைய யோசனைக்கும் பதில் சொல்லிடறேன். ஒரு இணைப்புக்கு ரெண்டு ஒட்டு, ரெண்டு இடத்துல உள் பிசிறு.

120 மீட்டர்னா, நிக்கிற தண்ணியே அடியில சதுர செ.மீ.க்கு 12 கிலோ அழுத்தும். மோட்டார் நின்னா திரும்பி வர்ற தண்ணியோட அடி தனி. அதனால பி.இ.100 ரகத்துல, 16 கிலோ அழுத்தம் தாங்குற பைப்தான் எடுக்கணும், 10 கிலோ ஆகாது. 63 எம்.எம்.ல அதோட சுவர் 5.8 எம்.எம்., உள் விட்டம் 51 சொச்சம். இந்த பைப் வெயிலுக்கு நீளும், பனிக்குச் சுருங்கும். 100 மீட்டர்ல 20 டிகிரி மாறினா ஒரு அடிக்கு மேல. ஒட்டு ஒவ்வொண்ணும் அந்த இழுப்பைத் தாங்கணும். சரிவுல சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல ஒண்ணு விட்டுப்போனா யார் போய்த் தேடறது?

ஏற்காட்டு மிளகு:
பசை போட்டா ஆகாதுங்களா? செவ்வாய்ப்பேட்டைக் கடையில டப்பா டப்பாவா இருக்கே.

பைப்லைன்காரன்:
அது பி.வி.சி.க்கு. ஹெச்.டி.பி.இ. அந்தப் பசையில கரையவே கரையாது. பிளேட் மெஷின் ஏத்த முடியாத சரிவுல, ரெண்டு முனையையும் இறுக்கிப் பிடிக்கிற, 16 கிலோ தாங்குற கம்ப்ரெஷன் கப்ளரை முறுக்கிப் போடுங்க. விலை கூட, ஆனா கரண்ட் வேணாம்.

கொண்டலாம்பட்டி லேத்:
சரி, லைன் வேலை உங்களோடதாவே இருக்கட்டும். பிளாஸ்டிக் தொட்டிக்கு அவுட்லெட் சாக்கெட்டைச் சுத்தி ஒட்டறது உலகம் பூரா நடக்குது, சாக்கெட் சின்னது, வட்டமானது, கையில அடங்கும். மிளகு அண்ணே, அதை என்கிட்ட விடுங்க. தண்ணி ஊத்திப் பாத்துட்டுக் காசு குடுங்க.

பைப்லைன்காரன்:
அதுக்கு நான் குறுக்க நிக்கல. தொட்டியும் சாக்கெட்டும் ரெண்டும் பாலிஎத்திலீன்தானான்னு மட்டும் பாத்துக்கங்க, பி.வி.சி. சாக்கெட்டை வச்சு எவ்வளவு சுத்தினாலும் பிடிக்காது.

ஏற்காட்டு மிளகு:
தொட்டி இன்னும் வாங்கலைங்க. ஞாயித்துக்கிழமை சேலம் இறங்கறேன், பைப்பும் அன்னைக்கே பாத்துடறேன்.